கந்தகத்தை நுண்ணுயிரிடம் ஒப்படைக்கலாமா?

சென்னைக் குடிநீர் வாரியத்தின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் சாக்கடைக் கசடிலிருந்து கிடைக்கும் வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். டைஜஸ்டர் எனப்படும் மூடிய தொட்டியில் காற்றுப் படாமல் கசடு மக்கும்போது வரும் வாயுவில் மீத்தேன் 60, 65 சதவீதம் இருக்கும். மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு. எஞ்சினுக்குக் கேடு இவற்றால் வருவதில்லை, கூடவே வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடால் வருகிறது. கழிவுநீரில் கரைந்துள்ள சல்ஃபேட்டை ஒருவகை பாக்டீரியா சுவாசத்துக்குப் பயன்படுத்துவதால் உண்டாவது அது. சில நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முதல் சில ஆயிரம் பிபிஎம் வரை இருக்கும். எரிந்தால் கந்தக டை ஆக்சைடாகி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, எஞ்சின் ஆயிலைக் கெடுத்து, பேரிங்கையும் புகைக் குழாயையும் அரிக்கும். மனிதருக்கு இன்னும் கொடியது. ஒரு பிபிஎம் இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் தெரிந்துவிடும். 100 பிபிஎம்மை நெருங்கினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. 500-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இதை நீக்க இரும்பு ஆக்சைடு பூசிய மரச்சீவல், ஆக்டிவேட்டட் கார்பன், காஸ்டிக் சோடா, டைஜஸ்டருக்குள்ளேயே ஊற்றும் ஃபெரிக் குளோரைடு என்று பல வழிகள் உண்டு. எல்லாமே வேலை செய்யும். ஆனால் எல்லாமே தீர்ந்துபோகும் சரக்கு. மறுபடி மறுபடி வாங்கியாக வேண்டும். கந்தகம் ஏறிய இரும்புச் சீவலை வெளியே கொட்டினால் காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

உயிரியல் முறை இங்கேதான் வருகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடையே உணவாகக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் இருப்பதை 1887-ல் ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி காட்டினார். வெயிலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம், கந்தகத்தை ஆக்சிஜனோடு சேர்ப்பதில் கிடைக்கும் ஆற்றலே போதும் என்று வாழும் உயிர்கள் அவை. 1945-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்கர், சாக்கடைக் குழாய்களின் கான்கிரீட் கூரையை அரித்துத் தின்பது இந்தக் குடும்பத்து பாக்டீரியா உண்டாக்கும் கந்தக அமிலம்தான் என்று கண்டுபிடித்தார். சாக்கடையில் நாசம் செய்யும் அதே வேலையைச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு கோபுரத்துக்குள் அடைத்துச் செய்யவைக்கிறோம். இந்த முறையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு உண்மையிலிருந்தே கிளம்புகின்றன.

கோபுரத்துக்குள் பிளாஸ்டிக் வளையங்கள் நிரப்பப்பட்டிருக்கும். மேலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்க, வளையங்களில் வழவழப்பான படலமாக பாக்டீரியா வளர்கிறது. வாயுவோடு சிறிதளவு காற்றைக் கலந்து உள்ளே அனுப்புகிறார்கள். மணிக்கு 100 கன மீட்டர் வாயு, அதில் 2,000 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 கிலோ ஹைட்ரஜன் சல்ஃபைடு. அத்தனையும் முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 20 கிலோ கந்தக அமிலம். இதற்கு வேண்டிய காற்று, வாயுவின் அளவில் 2 சதவீதம்கூட இல்லை. நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே விடுவார்கள். மற்றபடி வேண்டியது சிறிது நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்து. அதுவும் நிலையத்தின் சுத்திகரித்த நீரிலேயே இருக்கிறது. ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் வழிந்தோடும் நீரைச் சூடாக்க வேண்டியிருக்கும். 30 டிகிரியைச் சுற்றி நன்றாக வளரும் இந்த உயிர்களுக்கு நம் ஊர்த் தட்பவெப்பம் இலவசம். வாங்கிப்போடும் ரசாயனத்தை இவ்வளவு குறைக்கும் வழி வேறொன்று இல்லை. இதை மனதார ஆதரிக்கிறேன்.

ஆதரிப்பதாலேயே இது விற்கப்படும் விதத்தைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. விளக்கக் கையேடுகளில் தவறாமல் வரும் வாசகம், 98 சதவீதம் நீக்கும் என்பது. சராசரி 3,000 பிபிஎம் உள்ளே போனால் வெளியே 60. எஞ்சினுக்கு அது போதும். ஆனால் டைஜஸ்டர் சராசரியில் ஓடுவதில்லை. கெட்டியான கசடைப் பம்ப் செய்த சில மணி நேரத்தில் வாயுவும் கூடும், அதிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும் கூடும். பாக்டீரியாவால் அந்த வேகத்துக்குப் பெருக முடியாது. எஞ்சினை அரிப்பது அந்த நேரத்தில் நழுவி வருவதுதான். டெண்டரில் கேட்க வேண்டியது நீக்கும் சதவீதத்தை அல்ல. மிக மோசமான ஒரு மணி நேரத்தில் எஞ்சின் வாசலில் எத்தனை பிபிஎம் இருக்கும் என்பதை. கோபுரத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு கார்பன் படுகையை வைத்தால் இந்த உச்சங்களை அது வாங்கிக்கொள்ளும். சோப்பு, ஷாம்பூ வழியாகக் கழிவுநீரில் சேரும் சிலாக்சேனைக் கோபுரம் தொடுவதே இல்லை. எரிந்ததும் மணலாகி எஞ்சினுக்குள் படியும் அந்தப் பொருளுக்கும் கார்பன்தான் வழி. ஆகவே ரசாயனமே வேண்டாம் என்ற பேச்சை நம்பி கார்பனைக் கைவிடுவது எஞ்சினுக்குச் செய்யும் துரோகம்.

அடுத்தது காற்றின் அளவு. குறைந்தால் பாக்டீரியா பாதி வழியில் நின்று, கந்தகத்தை அமிலமாக்காமல் தனிமமாகவே விட்டுவிடும். மாதக்கணக்கில் அப்படி ஓடிய கோபுரத்தைத் திறந்தால் வளையங்கள் தனித்தனியாக இருக்காது. வெளிர்மஞ்சள் பசையில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளம் பாளமாக நிற்கும். வாயு ஒரு ஓரமாக வழி தேடிக்கொண்டு, சுத்தமாகாமலே மேலே போய்விடும். காற்று கூடினாலோ, மிஞ்சிய ஆக்சிஜனும் நைட்ரஜனும் வாயுவோடு போய்விடும். எஞ்சின் இதைப் பொறுத்துக்கொள்ளும். வாயுவை அழுத்தி வாகன எரிபொருளாக விற்க நினைப்பவருக்கு இது சிக்கல். அழுத்திய உயிர்வாயுவை வாகன எரிபொருளாக்க 2018-ல் தொடங்கிய மத்திய அரசின் ‘சதத்’ (SATAT) திட்டத்துக்குப் பிறகு அந்த ஆசை பல நிலையங்களுக்கு வந்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் 16087-ன்படி அந்த எரிபொருளில் ஆக்சிஜன் அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நைட்ரஜனோ, ஒருமுறை கலந்துவிட்டால் மீத்தேனிலிருந்து பிரிப்பது பெரும்பாடு.

அந்த நிலையங்களுக்கும் உயிரியல் வழி உண்டு. நெதர்லாந்தின் பாக்வெஸ் நிறுவனம் 1993-ல் ஈர்பீக் நகரின் காகித ஆலைக் கழிவுநீர் நிலையத்தில் நிறுவிய முறையில், வாயுவைக் காரநீரால் ஒரு கலத்தில் கழுவிவிட்டு, அந்த நீரை வேறொரு கலத்துக்குக் கொண்டுபோய் அங்கே காற்றும் பாக்டீரியாவும் சந்திக்க வைக்கிறார்கள். வாயுவைக் காற்று தொடுவதில்லை. கந்தகம் பிரியும்போது காரமும் பெருமளவு திரும்பக் கிடைக்கிறது. வேதியியலில் இவ்வளவு அழகான கணக்கு அபூர்வம். இதற்கு முதலீடு அதிகம், ஆளும் திறமையானவராக இருக்க வேண்டும், ஆகவே சிறிய நிலையத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டைக் கொடுப்பது இன்னொரு வழி. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நிலையங்களில் அந்த நீர் கைக்கெட்டும் தூரத்திலேயே ஓடுகிறது. கந்தகமும் நைட்ரேட்டும் ஒரே கலத்தில் தீரும். நம் ஊர்த் திட்ட அறிக்கைகளில் இதற்குரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது வருத்தம்.

தனிக் கோபுரமே வேண்டாம், டைஜஸ்டரின் மேல்வெளியிலேயே கொஞ்சம் காற்றை விட்டால் போதும் என்பவர்களும் உண்டு. மலிவான வழி, ஜெர்மனியின் பண்ணை நிலையங்களில் பரவலாக நடக்கிறது. ஆனால் அங்கே அமிலம் உண்டாகும் இடம் டைஜஸ்டரின் கூரை. பூச்சுப் போடாத கான்கிரீட் கூரையாக இருந்தால், பார்க்கர் சாக்கடையில் கண்டதை டைஜஸ்டரில் நாமே வரவழைத்துக்கொள்கிறோம். இருக்கிற பழைய கான்கிரீட் தொட்டிகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கோபுரத்திலிருந்து வடியும் நீரின் பிஹெச் 1 முதல் 3-க்குள் இருக்கும். மிக நீர்த்த கந்தக அமிலம்தான் அது. நிலையத்துக்கு வரும் மொத்தக் கழிவுநீரில் கலந்தால் அடையாளம் தெரியாமல் கரைந்துவிடும். ஆனால் அதைக் கொண்டுபோகும் குழாய் இரும்பாகவோ சிமென்டாகவோ இருக்கக்கூடாது, கசடுத் தொட்டிக்கும் திருப்பிவிடக்கூடாது. அங்கே போனால் அதே சல்ஃபேட் மறுபடி ஹைட்ரஜன் சல்ஃபைடாகி வரும்.

மின்வெட்டும் கணக்கில் வர வேண்டும். நீர் சுழற்றும் பம்ப் நீண்ட நேரம் நின்றால் படலம் காய்ந்துவிடும். பாக்டீரியா தேறி வர நாட்கள் ஆகும். முதல்முறை வளர்க்கவோ வாரங்கள். கார்பனை மாற்றினால் அன்றே வேலை ஆரம்பிக்கும், உயிருக்கு அந்த அவசரம் தெரியாது.

ஒப்பீட்டு அட்டவணைகளில் இதெல்லாம் ‘பராமரிப்பு’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. கந்தகம் அடைத்த வளையங்களை எடுத்துக் கழுவ ஒருவர் ஹைட்ரஜன் சல்ஃபைடு தங்கிய கலத்தைத் திறக்க வேண்டும் என்பதும் அந்த வரிக்குள்தான் இருக்கிறது. வெளியிலிருந்தே கழுவும் அமைப்பும் கழற்றி எடுக்கும் அடுக்குகளும் கட்டாயம் என்று டெண்டரில் எழுதினால் விலை கூடும், கூடட்டும். கோபுரமும் இரண்டாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கிய நிலையத்தில், அதைக் கழுவும் நாட்களில் வாயுவை ஃப்ளேரில் எரித்து மின்சாரத்தை இழப்பதா, சுத்தமாகாத வாயுவை எஞ்சினுக்கு விடுவதா என்ற கேள்வி இரவு ஷிப்ட் ஆபரேட்டரின் தலையில் விழுகிறது. அவருக்கு அந்த அதிகாரமும் இல்லை, எஞ்சின் கெட்டால் விளக்கம் கேட்கப்படுபவரும் அவர்தான்.