நெக் அடியில் ஒரு பென்சில் எழுத்து

கீழ்க்கட்டளையிலிருந்து ரேடியல் ரோட்டைப் பிடித்தால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை பக்கம்தான். பழைய ட்ரங்க் ரோட்டுக் கடைவிரிப்பில், ரேடியோவுக்கும் கேமராவுக்கும் நடுவே எப்போதாவது ஒரு எலக்ட்ரிக் கிதாரும் தலைகாட்டும். முன்பெல்லாம் வாங்க வருகிறவர் அதை மடியில் கிடத்தி ஒரு கார்டாவது பிடித்துப் பார்ப்பார். இப்போது முதல் வேலையே கவிழ்த்துப் போட்டு நெக் பிளேட்டைப் போனில் படம் எடுப்பதுதான். அதில் குத்திய எண்ணை இணையத்தில் தட்டினால் வருஷம் வருகிறது. பேரம் அங்கிருந்து தொடங்குகிறது.

எண்ணே போதும் என்கிற கட்சியிடமும் சரக்கு இல்லாமல் இல்லை. 1977க்குப் பிந்தைய கிப்சனின் எட்டு இலக்கம் கச்சிதமானது. 82765501 என்றால் முதல் இலக்கமும் ஐந்தாவதும் சேர்ந்து 85. இடையில் 276, அதாவது அந்த ஆண்டின் அக்டோபர் 3. அதே கிப்சன் அறுபதுகளில் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்பக் குத்தித் தள்ளியதைப் பற்றி மட்டும் அந்தக் கட்சி வாய் திறக்காது.

ஃபெண்டர் கதை இன்னும் வேடிக்கை. ஐம்பதுகளில் எண் குத்திய பிளேட்டுகள் பெட்டியில் கிடந்தன. கைக்கு வந்ததை எடுத்து முடுக்கினார்கள். கிதார் கலைஞர் டேவிட் கில்மர் வைத்திருந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் எண் 0001. 2019இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 18,15,000 டாலருக்குப் போனது. ஆனால் அது முதல் ஸ்ட்ராட் அல்ல. நெக்கில் 1954 ஜூன், உடலில் செப்டம்பர் என்று தேதி இருக்கிறது.

அந்தத் தேதிதான் ரசிகனுக்கு விருந்து. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி நெக்கை உருவினால், அடிப்பகுதியில் பென்சிலால் மாதமும் வருஷமும். சிலவற்றில் கூடவே ‘டிஜி’ என்ற இரண்டெழுத்து: டாடியோ கோமெஸ். ஃபெண்டர் தொழிற்சாலையில் நெக் இழைத்த தொழிலாளி. விளம்பரத்தில் அவர் பெயர் வந்ததில்லை. வாங்கியவர் கண்ணில் படாத இடத்தில், மேலே வார்னிஷ்கூட ஏறாத மரத்தில் எழுதினார். இன்று அந்த எழுத்துக்காக நெக்கின் விலையே ஏறுகிறது. பிக்கார்டைத் தூக்கினால் சில கிதார்களில் ஒயரிங் செய்த பெண்களின் பெயரும் மாஸ்கிங் டேப்பில் இருக்கும்: மேரி, குளோரியா. தொழிற்சாலைச் சரக்கில் இத்தனை கையெழுத்தா என்று ஆச்சரியமாக இருக்கும்.

வால்யூம் பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகையும் படிக்கலாம். 1376623 என்றால் சிடிஎஸ் கம்பெனி, 1966, 23ஆவது வாரம். அதிலும் ஒரு கண்ணி: ஃபெண்டர் 1966இல் பாட்டுகளை மொத்தமாக வாங்கிக் குவித்ததால், 1969 கிதாருக்குள்ளும் 66 இருக்கும். பாட் சொல்வது ‘இதற்கு முன் இல்லை’ என்பதை மட்டும்.

நம் பக்கச் சந்தைக்கு, எண்ணுக்கு முன் எல் எழுத்து குத்திய பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட் வந்து விழப் போவதில்லை. கொல்கத்தாவின் கிவ்சன் கிதார் வரலாம். அதிர்ஷ்டம் இருந்தால், எண்பதுகளின் கடைசியில் ஃபெண்டர் இந்தியாவிலும் செய்வித்த ஸ்கொயர் 2 வரலாம். அதன் எண்ணை அமெரிக்க அட்டவணையில் தேடுவது வீண். கழற்றித்தான் பார்க்க வேண்டும். விற்கிறவர் முகம் சுளிப்பார். வாங்குகிறவர்களும் இப்போது ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வருவதில்லை. எல் எழுத்து குத்திய நகல் பிளேட்டோ தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது, ஸ்க்ரூவோடு.