ஊரும் உருவும்: லத்தீப் மொகிதீனின் பாகோ-பாகோ ஓவியங்கள்

பயணம் சென்று திரும்பிய ஓவியரிடம் நாம் முதலில் கேட்பது, "இது எந்த ஊர்?" என்பதே. கோபுரத்தையோ ஆற்றையோ பார்த்து ஊரை அடையாளம் கண்டுகொண்டால் மகிழ்கிறோம். அடையாளம் தெரியாவிட்டால் ஓவியர் தோற்றுவிட்டார் என்று தீர்ப்பளித்து விடுகிறோம். இந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால் நம் நாட்டு ஓவியருள் முன்னணியில் நிற்கும் லத்தீப் மொகிதீன் தேறவே மாட்டார். அவரைப்போல் ஊர் சுற்றிய ஓவியர் இந்நாட்டில் அரியர். ஆயினும் அவர் ஓவியங்களில் ஊர்ப்பெயர் சொல்லக்கூடிய இடம் மிகக் குறைவு. இது குறையா, நிறையா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்போருக்கு விடை பின்னால் வரும்.

லத்தீப் மொகிதீன் 1941இல், நம் மலாக்காவுக்கு அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில், லெங்கெங் என்னும் ஊரில் பிறந்தவர். மினாங்கபாவ் மரபினர். அம்மரபினரின் பண்பாடு நமக்குப் புதிதன்று. அலோர் காஜா வட்டாரத்து நானிங் பகுதியில் பணிபுரிந்த ஆசிரியர்கள் அவர்களுடைய தாய்வழி மரபையும், எருமைக் கொம்புபோல் வளைந்தெழும் கூரை வடிவத்தையும் அறிவார்கள். இளைஞன் ஊரைவிட்டு வெளியேறி உலகைக் கண்டு வரவேண்டும் என்பது அவர்களிடையே நெடுங்கால வழக்கம். அதனை 'மெரந்தாவ்' என்பர். ஆகவே பயணம் லத்தீப்புக்குப் பொழுதுபோக்கன்று. முன்னோர் விட்டுச்சென்ற கடமை எனலாம்.

சிறுவயதிலேயே சிங்கப்பூர் சென்ற அவர், கோத்தா ராஜா மலாய்ப் பள்ளியில் பயின்றபோதே ஓவியத்தால் பெயர் பெற்றார்; அக்காலத்தில் அவரை 'அதிசயச் சிறுவன்' என்றார்கள். பின்னர் ஜெர்மனியின் உதவிச் சம்பளம் பெற்று மேற்குப் பெர்லினில் நுண்கலைக் கல்லூரியில் 1964 வரை பயின்றார். 1961இல் அந்நகரை இரண்டாகப் பிளந்த சுவர் எழும்பிய காலம் அது. 1964க்குப் பின் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா முதலிய நாடுகளில் அலைந்தார். 1969இல் பாரிசிலும், அதையடுத்து நியூயார்க்கிலும் அச்சு ஓவியம் பயின்றார். பிறகு பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் படைப்புக் கலைஞராக இருந்தார். தூரிகையோடு நில்லாமல் கவிதையும் எழுதினார். 'சுங்கை மேகோங்' என்னும் மலாய்க் கவிதைத் தொகுதி 1972இல் வெளிவந்தது. 1984இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதும் அவருக்குக் கிடைத்தது. ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதேயின் 'பவுஸ்ட்' நாடகத்தை மலாயில் பெயர்த்தவரும் அவரே.

அவர் புகழுக்கு அடித்தளம் 1960களில் வரைந்த 'பாகோ-பாகோ' வரிசை. பெயரிலேயே பகோடாவின் ஒலி இருக்கிறது. அவ்வரிசையின் தொடக்கக் காலப் படமொன்றுக்குப் 'பகோடாக்கள் 2' (1964) என்றே பெயர். ஆனால் படத்தில் பகோடாவைத் தேடுபவர் ஏமாறுவர். தடித்த கரிய கோடுகளால் கட்டுண்ட உருவங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அடியில் பருத்து, நடுவில் அடுக்கடுக்காய் விரிந்து, முனையில் முள்ளாகவும் கொம்பாகவும் கூர்கின்றன. ஒரு கணம் புத்த விகாரத்தின் தூபியாகத் தோன்றுவது மறுகணம் மூங்கில் குருத்தாகிறது. அன்னாசி இலையோ தாழை மடலோ என்று ஐயுறுமுன் இரு மனிதர் தோளோடு தோள் நிற்பதாகத் தெரிகிறது. 'தும்புஹான் திரோப்பிக்கா' (1968), அதாவது வெப்பமண்டலத் தாவரங்கள் என்னும் படம், பெயராலேயே இதைச் சொல்லிவிடுகிறது. கட்டடம் இங்கே கட்டப்படவில்லை, மண்ணிலிருந்து முளைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவ்வரிசை மேகோங் கரையில் தொடங்கவில்லை, பெர்லினில் தொடங்கியது. ஜெர்மானிய ஓவியர்களின் அழுத்தமான கோட்டையும் உரத்த வண்ணத்தையும் கற்றுக்கொண்ட இளைஞருக்கு, குளிர்நாட்டில் இருக்கும்போதுதான் தம் மண்ணின் குருத்தும் கூரையும் உருவமாகத் திரண்டன. அதன் பின்னரே அவர் அவ்வுருவங்களின் உறவினரைத் தேடி நாடு நாடாகச் சென்றார். ஆகவே பயணம் அவருக்குக் கொடுத்தது காட்சியன்று, தொலைவு. கண்ணுக்கு அருகில் இருக்கும்வரை தென்னையும் மூங்கிலும் வெறும் மரங்களே. எட்ட நின்று எண்ணும்போதுதான் அவற்றின் எலும்பு புலனாகிறது. ஊரைப் படம்பிடித்துக் காட்டாதது அவரது குறையன்று என்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு நன்கு அறிமுகமான மற்றோர் ஓவியர் இருக்கிறார். நாமக்கல்லில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, 'ஆனந்த விகடன்' இதழில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த சில்பி (1919-1983) அவர். அவரும் பயணியே. கோயில் கோயிலாகச் சென்று, சிற்பத்தின் எதிரே அமர்ந்து, அதன் நகையணியின் ஒரு மணியும் விடுபடாமல் கோட்டில் கொண்டுவந்தார். தமிழகத்துக் கோயில்களைக் கண்ணால் காணும் வாய்ப்பில்லாதவருக்கு அப்படங்கள் செய்த தொண்டு சிறிதன்று. சில்பி இடத்துக்கு உண்மையாக இருந்தார். லத்தீப் இடம் தம்முள் விளைவித்ததற்கு உண்மையாக இருந்தார். முன்னவரிடம் பணிவு பெரிது. பின்னவரிடம் துணிவு பெரிது. ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் அறியாமை. ஆனால் நம் பள்ளிகளில் முதல்வகை ஒன்றையே ஓவியம் என்று கற்பித்து வருகிறோம் என்பதை மறைக்க இயலாது.

பாகோ-பாகோ விளங்கவில்லை என்போர் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. மலாக்கா நகரில் தங்க ஆசாரித் தெருவுக்குச் சென்றால் போதும். மலாக்காச் செட்டிகளின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் (1781) அங்கே இருக்கிறது. அதனருகே 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். சற்று அப்பால் சீனரின் செங் ஹூன் தெங் கோயில். பள்ளிவாசலின் மினாராவைப் பாருங்கள்: சீனப் பகோடாவைப்போல் அடுக்கடுக்காய் எழுகிறது. கூரையோ சுமாத்திரா, சாவகப் பாணியில் மும்மடியாய்க் குவிகிறது. உள்ளே தூண்கள் மேல்நாட்டு முறையில் அமைந்தவை. கடல்வழி வந்த வடிவங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, இனிப் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டன. மலாக்காக் கொத்தர்கள் காரையாலும் ஓட்டாலும் செய்ததைத்தான் லத்தீப் எண்ணெய் வண்ணத்தால் செய்தார்.

குறைகளும் உண்டு. பாகோ-பாகோ உருவங்கள் மனிதரைப்போல் நிற்கின்றனவே தவிர, அவற்றுக்கு முகம் இல்லை. அவர் மேகோங் கரையில் அலைந்த ஆண்டுகள் இந்தோசீனத்தில் போர் மூண்டிருந்த ஆண்டுகள். அந்தத் துயரம் அவர் கவிதையில் கலந்த அளவுக்கு வண்ணத்தில் கலக்கவில்லை என்பது என் கருத்து. மேலும், ஒரு வடிவம் கைவந்தபின் அதையே திரும்பத் திரும்ப வரையும் ஆபத்து எந்தக் கலைஞருக்கும் உண்டு. அவ்வரிசையின் சில படங்களில் தேடலைவிடப் பழக்கமே மிகுந்து தெரிகிறது. ஆயினும் அவர் அதில் தங்கிவிடவில்லை. லங்காவி வரிசைக்கும், 1985 முதல் 'கெலொம்பாங்' என்னும் அலைகள் வரிசைக்கும், பின்னர் 'ரிம்பா' என்னும் காட்டு வரிசைக்கும் நகர்ந்தார். கரிய கோட்டின் கட்டு அவிழ்ந்து, வண்ணமே வீச்சாகப் பாய்ந்தது. புகழ் தந்த வடிவத்தைக் கைவிடுவதும் ஒரு பயணமே. 2018இல் பாரிசின் பொம்பிடு மையம் பாகோ-பாகோவைத் தனிக் காட்சியாக வைத்தது. நெகிரி செம்பிலான் கிராமத்துக் கூரையும் குருத்தும் அங்கே விளக்கம் கேளாமலே நின்றன.

இனி, நமக்கு என்ன அக்கறை என்ற வினாவுக்கு வருவோம். நாமும் பயணத்தால் உண்டான மக்களே. ஆனால் நம் பாட்டன்மார் உதவிச் சம்பளம் பெற்றுக் கலை பயிலப் புறப்பட்டவர் அல்லர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கிலோ வேறு துறையிலோ இறங்கி, பால்மரக் காட்டுக்கு நடந்தவர். 'ரஜூலா' என்ற கப்பலின் பெயர் பல குடும்பங்களில் இன்றும் உறவினர் பெயர்போல் வழங்குகிறது. அந்தப் பயணத்துக்குத் தமிழில் நாவல்களும் சிறுகதைகளும் உண்டு, நாட்டுப்பாடலும் உண்டு. ஓவியம் எங்கே? யோகூர் பாருவில் 1965இல் பிறந்த அனுரேந்திர ஜெகதேவா போன்ற ஓரிருவர் குடியேறிய குடும்பங்களின் முகங்களை வரைந்திருக்கின்றனர். அவர்கள் பெயரைத் தமிழாசிரியர் அறையில் எத்தனை பேர் அறிவர்? பால்மரம் அழிந்து செம்பனையாயிற்று; லயங்கள் இடிக்கப்படுகின்றன; தோட்டப் பள்ளிகள் பல நகரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன. நாம் வாழ்ந்த இடத்தின் எலும்பு எது என்று எண்ணிப் பார்க்க, லத்தீப்புக்குப் பெர்லினில் கிடைத்த தொலைவு இப்போது நமக்கும் கிடைத்திருக்கிறது. எண்ணிப் பார்க்கும் கண்தான் இன்னும் பயிலவில்லை.

தலைமையாசிரியன் என்ற முறையில் பல்லாண்டாக மாணவர் ஓவியத் தாள்களைப் பார்த்து வருகிறேன். இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை: இது எந்தத் தோட்டத்திலும் இல்லாத ஊர். குழந்தைகள்மேல் பிழையில்லை, கரும்பலகையில் நாம் வரைந்து காட்டியதை அவர்கள் திருப்பித் தருகிறார்கள். காட்சிக் கலைப் பாடத்தில் ஒரு சிறு மாற்றம் செய்து பார்க்கலாம். பிள்ளைகளைத் தங்க ஆசாரித் தெருவுக்கோ பக்கத்துத் தோட்டத்துப் பழைய புகைக்கூடத்துக்கோ அழைத்துச் செல்க. அங்கே வரையவிட வேண்டாம். பார்க்க மட்டும் விடுக. ஒரு வாரம் கழித்து, பார்த்ததில் நினைவில் நின்ற ஒரே ஓர் உருவத்தை வரையச் சொல்க. அது மினாராவாகத் தொடங்கிக் குருத்தாக முடிந்தால் திருத்த வேண்டாம். "இது என்ன?" என்று கேட்பதற்குப் பதில், "இது எதிலிருந்து வளர்ந்தது?" என்று கேளுங்கள். மாணவன் வாய்திறந்து சொல்லும் விடை அன்றைய தமிழ்க் கட்டுரைக்கும் பொருளாகும்.