விலை கேட்கும் வாய் சான்று கேட்கட்டும்

பழம்பொருள் என்றவுடன் பெருமை. பெருமை என்றவுடன் விலை! இந்த இரண்டு தாவலோடு முடிந்துவிடுகிறது நம்மவர் பலரின் ஆராய்ச்சி. மனமகிழ் மன்றத்திற்கு நிபுணர் ஒருவர் வருவார். உறுப்பினர்கள் பரணிலிருந்து இறக்கிய பரம்பரைப் பண்டங்களை மேசைமீது பரப்புவர். அவர் புரட்டிப் பார்த்து ஒரு தொகை சொல்வார்; அவை கைதட்டும். மேலை நாடுகளில் வேரூன்றிய வழக்கம் இது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 1979இல் இதனைத் தொலைக்காட்சித் தொடராக்கிற்று. 1997இல் அமெரிக்காவும் பின்தொடர்ந்தது. கணியூரில் ஒரு மன்றம் நாளை இத்தகைய மாலையொன்றை நடத்துமானால், வேண்டாம் என்று நாம் தடுக்கமாட்டோம். கைதட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்போம்.

முதற்கேள்வி: விலை சொல்பவர் யார்? அமெரிக்கத் தொடரில் போர்க்காலப் பொருள்களுக்கு மதிப்புக் கூறிவந்த வணிகர் ஒருவர், வாளொன்றை வைத்து முன்கூட்டியே ஒத்திகை பார்த்த நடிப்பை உண்மை நிகழ்ச்சிபோல் அரங்கேற்றினார். நிபுணர் என்ற புகழ் வளர்ந்தது. அந்நாட்டு உள்நாட்டுப் போரின் வீரர்களுக்கு வழித்தோன்றியவர்களிடம் குறைந்த மதிப்புக் கூறி நினைவுப் பொருள்களை வாங்கினார். பன்மடங்கு விலைக்கு விற்றார். 2002இல் அவருக்குக் கிடைத்தது சிறைத்தண்டனை. மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருந்தால், தராசும் அவர் கையில், படிக்கல்லும் அவர் கையில்! நிறுத்துப் பார்க்க நமக்கு என்ன மிச்சம்?

இரண்டாங்கேள்வி: சான்று எங்கே? இராமர் உருவமோ அனுமன் உருவமோ ஒருபுறம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் மறுபுறம். இப்படிப்பட்ட காசுகளைப் பூசையறையில் வைத்து, இலட்சம் பெறும் என்று காத்திருப்போர் உண்டு. கம்பெனியின் நாணயச் சாலைகள் அத்தகைய காசை அடித்ததே இல்லை. பிற்காலத்தில் எவரோ செய்த வில்லைகள் அவை. பொறித்த ஆண்டே வயதுக்குச் சான்றாகிவிடுமா? கோயிற் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலைபோகும் என்று சொல்லி ஏமாற்றும் கூட்டங்களைத் தமிழகம் பலமுறை கண்டுவிட்டது. இரிடியம் பிளாட்டினக் குடும்பத்து உலோகம். அரிசியை இழுக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. பழைய நாணயமும் நோட்டும் வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்போரை நம்பவேண்டா என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பக்தியும் பேராசையும் கைகோத்து வரும்போது, பகுத்தறிவை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்!

மூன்றாங்கேள்வி: விலைக்குள் அடங்காதது எது? தொலைவில் தேடவேண்டா. நம் உடுமலை வட்டாரத்துப் பூதிநத்தத்தில் 1946இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. உருக்கியிருந்தால் சில கிலோ வெள்ளி. ஒன்றாகக் காத்ததால், கொங்கு நாடு கடல்கடந்து வாணிகம் செய்ததற்குச் சாட்சி. நொய்யற்கரைக் கொடுமணலில் 1980களில் தொடங்கிய அகழாய்வு, மணி கடைந்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் வாழ்ந்த ஊரை வெளிக்கொணர்ந்தது. அங்கே கிடைத்த உடைந்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் மனிதர் பெயர்கள்! மன்றத்து மேசைமீது அந்த ஓட்டை வைத்தால் நிபுணர் என்ன சொல்வார்? வெள்ளியில்லை, வேலைப்பாடில்லை, விலையில்லை என்று ஒதுக்குவார். ஆனால், எழுத்து அரண்மனைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை, சோறாக்கும் பானைவரை வந்திருந்தது என்று நமக்குச் சொன்னது அந்த ஓடுதானே!

இன்னொன்றும் நோக்குக. மேசைமீது வருவது யார் வீட்டுப் பொருள்? காசுமாலையும் வெள்ளிக் குத்துவிளக்கும் மிராசுதார் வீட்டுப் பரணில் இருக்கும். அந்தப் பரணையே கட்டிய கொத்தனார் வீட்டில் என்ன இருக்கும்? தேய்ந்த கரண்டி ஒன்று. பண்ணையத்துக் கூலியாள் வீட்டில் தானியம் அளந்த வள்ளம். நெசவாளர் வீட்டில் பாட்டன் கை பட்டு வழுவழுப்பேறிய தறி நாடா. இவற்றுக்கும் பரம்பரை உண்டு. விலைப்பட்டியலில்தான் இடமில்லை. விலையை மட்டும் கேட்கும் மன்றம், இருந்தவன் கதையைக் கேட்கிறது. உழைத்தவன் கதையைக் கேட்கத் தவறுகிறது.

சட்டமும் பேசுகிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலையும் காசும் ஓவியமும் தொல்பொருள். எழுபத்தைந்து ஆண்டு கடந்த சுவடியும், அறிவுச் சிறப்புடையதாயின், அவ்வாறே. உரிமமின்றி அவற்றை விற்கும் தொழில் குற்றம். மண்ணில் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கண்டால் ஆட்சியரிடம் தெரிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். விலை சொல்லும் மேசையில் இவற்றையும் சொல்லவேண்டாமா?

எனவே, கணியூர்த் தோழர்களே, மாலை நடக்கட்டும், மேசையும் இருக்கட்டும். நிபுணருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எந்த வீட்டுப் பொருள், யார் செய்தது, யார் புழங்கினார், யாரைத் தொடவிடாமல் தடுத்தார்கள், எந்தச் சான்றைக் கொண்டு வயது கூறப்பட்டது என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். விலை அடுத்த ஆண்டே மாறிவிடும். எழுதிய குறிப்பு, நம் பேரப்பிள்ளைகள் படித்துத் தெளியும் பரம்பரைச் சொத்தாக நிற்கும்.