‘சொந்தக் கருவி’ என்னும் கற்பிதம்: எளாவூர்ச் சூழலில் வகுப்பறைக் கைபேசி

ஆய்வுச்சுருக்கம்
மாணவர் தம் கைபேசியை வகுப்பறைக்குக் கொணர்ந்து கற்கும் முறை, கருவி மாணவருக்கே உரியது என்னும் முன்முடிவின்மீது நிற்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் விரைவுக் குறியீட்டையும் எளாவூர் வட்டாரத்தின் வாழ்நிலையையும் கொண்டு அம்முன்முடிவை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கைபேசிவழிக் கற்றல், விரைவுக் குறியீடு, பாடநூல், எளாவூர், சமவாய்ப்பு

முன்னுரை
2018–2019ஆம் கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. அவற்றின் பாடப்பொருளைக் காண, நடுவணரசு 2017இல் தொடங்கிய தீக்‌ஷா தளத்தின் செயலி பயன்படுகிறது. நூலிலுள்ள வழிகாட்டுதல், திறன்பேசி மாணவரிடம் இருப்பதாகக் கொண்டே அவரை நோக்கிப் பேசுகிறது. பள்ளிக் கல்வித் துறையோ மாணவர் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவருவதை ஏற்பதில்லை. பாடநூல் எதிர்பார்க்கும் கருவி பள்ளி வாயிலில் தடுக்கப்படுகிறது. தடையை நீக்கினால் இம்முரண் தீரும் என்பது சொந்தக் கருவி முறையை ஆதரிப்போர் வாதம். கருவி யாருடையது என்னும் வினாவை அவ்வாதம் எழுப்புவதில்லை.

கருவியின் உரிமை
இந்திய ஊரகப் பகுதிகளைப் பற்றிய அசர் அறிக்கையின்படி, திறன்பேசி உள்ள வீடுகளைச் சேர்ந்த மாணவர் 2018இல் 36.5 விழுக்காடு; 2021இல் 67.6 விழுக்காடு. இவ்வளர்ச்சியே பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அத்தகைய வீடுகளிலும் 26.1 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அக்கருவி கிடைக்கவில்லை என்று அதே 2021 அறிக்கை தெரிவிப்பது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. வீட்டில் கைபேசி இருப்பதும் மாணவர் கையில் இருப்பதும் வெவ்வேறு நிலைகள்.

இவ்வேறுபாட்டை எளாவூர் தெளிவாக்குகிறது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையை ஒட்டிச் சோதனைச்சாவடியுடன் அமைந்த இவ்வூருக்கு அண்மையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. ஷிஃப்ட் வேலைக்குச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை அழைப்பு, பணப்பரிமாற்றம், ஊரிலுள்ள உறவு ஆகிய அனைத்துக்கும் ஒரே கைபேசியே துணை. வீட்டில் ஒரு கைபேசி மட்டுமே இருக்குமாயின், பகல் ஷிஃப்டில் அது தொழிற்சாலைக்குச் சென்றுவிடும். வகுப்பு நடப்பதும் அதே பொழுதில்தான். மாலையில் வீடு திரும்பும் கருவி வீட்டுப்பாடத்துக்கு உதவலாம். வகுப்பறைக் கற்றலுக்கு அது எட்டாது. அண்ணன், தங்கை இருவரும் படிக்கும் வீட்டில் அம்மாலைப் பொழுதும் பங்கிடப்படும்.

பயனும் இழப்பும்
கைபேசியின் கற்றல் பயனை மறுப்பதற்கில்லை. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில் முதியோர் வழக்குகளையும் தொழிற்சொற்களையும் ஒலிப்பதிவு செய்து வகுப்பில் ஆராய்வது சிறந்த மொழிப்பாடமாகும். ஆயினும் இதற்கு ஐவருக்கு ஒரு கருவி போதும். ஒவ்வொருவரும் தனிக் கருவி கொணரவேண்டும் என்னும் நிலை, இல்லாதவரின் இன்மையை வகுப்பில் வெளிப்படுத்தும். கவனச்சிதறலின் சுமையும் அனைவர்க்கும் ஒன்றன்று. இங்கிலாந்துப் பள்ளிகளில் கைபேசித் தடையின் விளைவை 2015இல் ஆராய்ந்த பெலண்ட், மர்ஃபி ஆகியோர், தடையால் பெரிதும் முன்னேறியோர் கற்றலில் பின்தங்கிய மாணவரே எனக் கண்டனர்.

கருவி வழங்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அதன் சான்று. பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் அவ்வழிப்பட்டவையே. சொந்தக் கருவி முறை அப்பொறுப்பைக் குடும்பத்தின்மீது ஓசையின்றி மாற்றுகிறது. புதுமை என்னும் பெயர் அம்மாற்றத்தை மறைக்கிறது.

முடிவுரை
வகுப்பறையில் கைபேசியை அனுமதிப்பதா, தடுப்பதா என்னும் விவாதம் முதன்மையானதன்று. பாடத்துக்கு இன்றியமையாத கருவியைப் பள்ளியே குழுவுக்கு ஒன்றாக வழங்குதல், விரைவுக் குறியீட்டுப் பாடப்பொருளை வகுப்பிலேயே காட்டுதல், வீட்டுக் கைபேசியை மதிப்பெண்ணோடு தொடர்புபடுத்தாதிருத்தல் ஆகியன முதலில் உறுதிப்படவேண்டும். அதன்பின்னரே மாணவர் கொணரும் கருவி, இல்லாதவரைத் தாழ்த்தாத கூடுதல் துணையாகும்.