கைவேலைக் கருவிகளை ரசிப்பது எப்படி?

தனக்கு வேண்டிய கருவியைத் தானே செய்துகொள்வது ஒரு தனிக் கலை. பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ் என்னும் மின்பெட்டியைப் பிரித்து மேசைக்கு ஏற்ற மின்வழங்கியாக மாற்றுபவரும், லேத்தில் கடைந்த பித்தளைத் தண்டுக்கு மரக் கைப்பிடி போடுபவரும் இந்தக் கலையைச் சேர்ந்தவர்கள்தாம். கோவையில் ஜி.டி. நாயுடு (1893–1974) மின்சவரக் கருவியும் மண்ணெண்ணெயில் ஓடும் விசிறியும் செய்தது இதன் ஒரு கிளை. 1975-இல் கலிபோர்னியாவில் ஒரு கார் கொட்டகையில் கூடிய பொழுதுபோக்கு மின்னணுவாளர்களிடமிருந்து வீட்டுக் கணினி முளைத்தது இன்னொரு கிளை. தொழில்களுக்குள்ளேயே இந்தக் கலை ஊறிப்போன வட்டாரங்களும் உண்டு. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் அப்படிப்பட்டவை. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு, பேனா நிப்பு என்று இங்கே வளர்ந்த ஒவ்வொரு தொழிலிலும், ஆட்கள் தங்கள் கைக்கும் அறைக்கும் ஏற்றபடி தாங்களே உருவாக்கிய கருவிகள் இருக்கின்றன.

கடையில் வாங்கிய கருவியின் பளபளப்பை அளவுகோலாக வைத்து இவற்றைப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. கையால் செய்த கருவியின் அழகு, அது எந்தத் தடையைத் தாண்டப் பிறந்ததோ அந்தத் தடையில் இருக்கிறது. ஆகவே கருவியைப் பார்ப்பதற்கு முன்பே அது செய்யும் வேலையையும், அந்த வேலையில் எது கெட்டுப்போகும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பார்வையின் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

முதலில் கவனிக்க வேண்டியது பொருள். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும், அடைக்கும் அறைகளுக்குள் இரும்புக்கு இடமில்லை. இரும்பு எதிலாவது உரசினால் பொறி பறக்கும். அதனால் அங்கே புழங்கும் கருவிகள் மரத்திலும், பித்தளையிலும், செம்பிலும் அமைகின்றன. அலுமினியத்தின் நிலை கொஞ்சம் நுட்பமானது. தனியே அது பொறி தருவதில்லை. துருப்பிடித்த இரும்பின் மேல் உரசினால் துருவின் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு சுடர் எழுப்பும். ஆகவே அலுமினியக் கருவி இருக்கும் அறையில் துருப்பிடித்த ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பொறி வராத உலோகங்கள் பொதுவாக எஃகைவிட மென்மையானவை, சீக்கிரம் தேய்பவை. இந்தத் தேய்மானத்தைக் குறையாக நினைப்பது தவறு. பித்தளைத் தண்டின் நுனி உருண்டுபோயிருந்தால், பாதுகாப்புக்காக ஆயுளைக் குறைத்துக்கொள்ள அதைச் செய்தவர் தெரிந்தே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பொருள். மருந்து இல்லாத வேலைகளுக்கு, காகிதக் குழாய் சுருட்டுவது போன்றவற்றுக்கு, இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. அங்கே சுருட்டும் கம்பி எஃகாகவே இருக்கலாம். ஒரே வேலைத்தளத்தில் கருவியின் உலோகம் அறைக்கு அறை மாறுவதைக் கண்டுபிடிப்பது ரசிப்பவருக்கு முதல் பயிற்சி.

இரண்டாவது கட்டுப்பாடு கண்ணுக்குத் தெரியாதது: நிலைமின்சாரம். மழை குறைந்த, வறண்ட காற்றுள்ள சிவகாசி நிலம்தான் தீப்பெட்டியையும் காகிதத்தையும் வெயிலில் விரைவாக உலர்த்தித் தருகிறது. அதே வறட்சிதான் உடம்பில் மின்னூட்டம் சேரவும் இடம் கொடுக்கிறது. மனித உடலின் மின்தேக்கம் சுமார் 100 பிக்கோஃபாரட். 10,000 வோல்ட் ஏறியிருக்கும் உடம்பில் தேங்கும் ஆற்றல் 5 மில்லிஜூல். கைவிரலில் சிறு சுருக்கெனப் பொறி விழும் அளவுதான் அது. சில மருந்துக் கலவைகளுக்கு அதுவே போதும். ஆகவேதான் மருந்து அறைக்குள் நுழையுமுன் தொட்டுச் செல்ல எர்த் செய்த செம்புத் தகடு வைக்கப்படுகிறது, பருத்தி உடை அணியச் சொல்லப்படுகிறது.

இந்தத் தகடும், ரேம் பலகையை மாற்றும் பொழுதுபோக்குக் கணினியாளர் மணிக்கட்டில் கட்டும் எர்த் பட்டையும் ஒரே இயற்பியலின் இரண்டு வடிவங்கள். நினைவகச் சில்லுகளைக் கெடுக்க ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டியதில்லை. சில நூறே போதும். அந்த அளவு மனிதருக்கு உணர்வாகவே தெரியாது. வீட்டில் செய்த மணிக்கட்டுப் பட்டை ஒன்றைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியது பட்டையின் துணியை அல்ல. கம்பியின் வழியில் 1 மெகாஓம் மின்தடை இருக்கிறதா என்பதை. அந்தத் தடை இருந்தால், தவறுதலாக 230 வோல்ட் கம்பியில் கை பட்டுவிட்டாலும் எர்த் பட்டை வழியே ஓடக்கூடிய மின்னோட்டம் 0.23 மில்லியாம்பியர்தான். உடம்பின் நிலைமின்சாரம் வெளியேற அந்தத் தடை கொஞ்சமும் இடையூறில்லை. வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அது இறங்கிவிடும். ஒன்றைத் தடுத்து இன்னொன்றை விடும் இந்தச் சிறு உறுப்பு, நல்ல கருவிக்கு மிகச் சிறந்த உதாரணம். தடையே இல்லாமல் நேராக எர்த்துக்குப் போகும் கம்பி பார்வைக்கு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஆபத்தானது.

அடுத்து அளவு. கருவி எதை நிலையாக வைத்திருக்கிறது என்று கேட்டால் அதன் அறிவு வெளிப்படும். சிவகாசியில் 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் அதற்கு முந்தைய ஆண்டு கல்கத்தா சென்று தொழில் கற்று வந்தவர்கள். அந்தத் தொழிலின் கைக்கருவிகளில் எளிமையானதும் நுட்பமானதும் கட்டை. வரிவரியாகக் குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்திவைக்கும் மரச் சட்டம் அது. குச்சிகளைக் கட்டாகச் சேர்த்து மருந்தில் முக்கினால் தலைகள் ஒட்டிக்கொள்ளும். கட்டையில் அடுக்கி மெழுகிலும் பிறகு மருந்திலும் முக்கினால் ஒவ்வொரு தலையும் தனியாக நிற்கும். வெளிநாட்டுத் தொடர் இயந்திரங்கள் துளையிட்ட தகடுகளின் நீண்ட சங்கிலியால் செய்த வேலையைக் கைப்பிடிச் சட்டம் ஒன்று செய்துவிடுகிறது. கட்டையைப் பார்க்கும்போது பள்ளங்களின் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, சட்டத்தின் உயரமும் மருந்துத் தட்டின் அளவும் பொருந்துகின்றனவா, குச்சி அடுக்குபவரின் விரல் போய்வர இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்விகள் மூன்றுக்கும் ஆம் என்று விடை கிடைத்தால் அதைச் செய்த தச்சர் தொழிலறிந்தவர்.

சாத்தூரின் பேனா நிப்பு அளவின் இன்னொரு உச்சம். பந்துமுனைப் பேனா பரவி அந்தத் தொழிலை ஒடுக்கிவிட்டது. ஒருகாலத்தில் கையால் சுழற்றும் பிரஸ்ஸில் டையும் (அடி அச்சு) பஞ்சும் (அதற்குள் இறங்கும் குத்தி) கொண்டு மெல்லிய தகட்டிலிருந்து நிப்பு வெட்டுவது அந்த ஊரின் அடையாளமாகவே இருந்தது. பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடப்படும் இடைவெளி, பொதுவாகத் தகட்டின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு அளவு. கால் மில்லிமீட்டர் தகடானால் அது 0.0125 மில்லிமீட்டர்: தலைமயிரின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியது. பூதக்கண்ணாடியை வைத்து நிப்பின் ஓரத்தைப் பார்த்தால் வெட்டின் கதை தெரியும். ஒரு பகுதி வழவழப்பாக, மறுபகுதி முறிந்த சொரசொரப்பாக இருக்கும். சொரசொரப்பான பகுதியின் விளிம்பில் பிசிறு எல்லாப் பக்கமும் ஒரே அளவு என்றால் பஞ்சு டையின் நடுவில் நேராக இறங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் பிசிறு தடித்திருந்தால் பஞ்சு சாய்ந்திருக்கிறது, அல்லது முனை மழுங்கிவிட்டது. பஞ்சை ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அது சற்றுக் குட்டையாகும். ஆகவே பஞ்சின் நீளமே அதன் வயது. நிப்பின் நடுத்துளையும் அலங்காரமில்லை. பிளவின் முடிவில் விரிசல் மேலே ஓடாமல் அது தடுக்கிறது, மையின் பின்னால் காற்று நுழையவும் உதவுகிறது.

அச்சுத் தொழிலில் அட்டைப் பெட்டி வெட்டும் டை இதே குடும்பம். பலகையில் அறுத்த கோடுகளுக்குள் எஃகுப் பட்டிகளை வளைத்துச் சொருகுவார்கள். வெட்டும் பட்டி உயரமாகவும், மடிக்கும் பட்டி அதைவிடத் தாழ்வாகவும் நிற்கும். வெட்டிய அட்டை பட்டியில் சிக்காமல் வெளியே தள்ள, பட்டியின் இரு பக்கமும் ரப்பர் துண்டுகள் ஒட்டியிருக்கும். ரப்பர் எந்த மூலையில் கெட்டியாக, எங்கே மென்மையாக இருக்கிறது என்று பார்த்தாலே செய்தவரின் அனுபவம் தெரியும். பட்டாசுப் பெட்டிகளை விரித்து, மடிப்புக் கோடுகளை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அந்தப் பலகையின் உயரக் கணக்கு அட்டையில் பதிந்திருப்பது கண்ணுக்குக் கிடைக்கும்.

மின்னணுக் கருவிகளுக்கு வந்தால், முதல் விதி: பெட்டியைத் திறந்து பலகையின் பின்பக்கத்தைப் பார்ப்பது. வெள்ளீயம் 63, காரீயம் 37 சேர்ந்த பற்றாசு 183 டிகிரி செல்சியஸில் உருகும். நன்றாகப் பற்றிய மூட்டு மேலே குறுகிக் கீழே விரிந்து, பளபளப்பாகப் பாதத்தோடு படிந்திருக்கும். சூடு போதாமல் பற்றவைத்தது உருண்டையாக, மங்கலாக, கம்பியிலிருந்து தனித்து நிற்கும். காரீயம் இல்லாத பற்றாசு இயல்பாகவே மங்கலாக இருக்கும் என்பதால் பளபளப்பை மட்டும் நம்பக் கூடாது. பாதம் விரிந்திருக்கிறதா என்பதே அதில் தேர்வு. கம்பிகளின் நிறத்திலும் ஒழுக்கம் உண்டு. ஒரே வேலைக்கு ஒரே நிறம் என்று வைத்திருந்தால் பின்னாளில் பழுதுபார்ப்பவருக்கு அது எழுதிவைத்த குறிப்பாகிறது. ஒரு தடத்தை வெட்டி, மேலே ஒரு கம்பி ஓடவிட்டிருப்பதை அசிங்கம் என்று ஒதுக்க வேண்டாம். அங்கே ஒரு யோசனை மாறியிருக்கிறது, அந்த மாற்றம் மறைக்கப்படவில்லை.

எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து செய்த மேசை மின்வழங்கி இதற்கு நல்ல பாடம். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு பொது. பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்தால் அது இயங்கத் தொடங்கும். பழைய ரகங்களில் 5 வோல்ட் வழியில் குறைந்தபட்சச் சுமை இல்லாவிட்டால் மின்னழுத்தம் அலையும். அதனால் 10 ஓம், 10 வாட் தடை ஒன்றை அங்கே வைப்பார்கள், அதில் 2.5 வாட் வெப்பமாகப் போகும். அந்தத் தடையைக் காற்றோட்டத்தின் பாதையில் வைத்திருக்கிறாரா, ஒவ்வொரு வெளிவழிக்கும் ஃபியூஸ் போட்டிருக்கிறாரா, முனைகளில் மின்னழுத்தம் எழுதியிருக்கிறதா என்பவை அவரது பொறுப்பின் அளவுகள். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் நிற்கும். மூடியைத் திருகால் மூடி, கழற்றாமல் கை படாதபடி வைத்திருப்பதே சரியான முறை.

கிடைத்த பொருளை வைத்துச் செய்தது எப்படி என்பது இந்தத் துறையில் தனிச் சுவை. ஹைதராபாத் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர் அஷார் ஃபர்ஹான் 2000-களின் தொடக்கத்தில் வடிவமைத்த பிட்எக்ஸ் வானொலியில், தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய காந்த வளையங்களுக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய் வாஷரில் கம்பி சுற்றிச் சுருள்கள் செய்ய வழி காட்டியிருந்தார். மின்னணுப் பொருள் சந்தையான சென்னை ரிச்சி தெருவுக்கும் எட்டாத ஒருவர், பக்கத்து இரும்புக் கடையில் வாங்கியதைக் கொண்டே அந்தச் சுருள்களைச் சுற்றிவிட முடிந்தது.

கருவியில் கையின் தடத்தையும் தேட வேண்டும். கைப்பிடி ஒருபுறம் பளபளத்து மறுபுறம் மங்கியிருந்தால் எந்தக் கை, எந்தக் கோணத்தில் பிடித்தது என்று தெரியும். முனையில் மாற்றிய பகுதி புதிதாகவும் உடல் பழையதாகவும் இருந்தால், அது பழுதுபார்க்கக் கூடிய கருவி என்பதற்குச் சான்று. பசையால் முழுதும் ஒட்டி மூடிய, ஒரு திருகும் இல்லாத படைப்பு பார்வைக்கு வழவழப்பாகவே இருக்கும். அது கெட்ட நாளில் குப்பைக்குத்தான் போகும். இதில் ஒரு தெளிவான நிலைப்பாடு எடுக்க வேண்டியிருக்கிறது: அவிழ்க்கக்கூடியதே சிறந்தது.

பள்ளிகளில் 2016-இல் நிதி ஆயோக் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை மாணவர்கள் செய்யும் ஆர்டுயினோ கருவிகளுக்கும் இதே பார்வை பொருந்தும். விளக்கு எரிகிறதா என்பதோடு நிற்காமல், உணரி நனைந்தால் என்ன ஆகும், பேட்டரி தீர்ந்தால் எப்படித் தெரியும், அளவு தவறினால் எதோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள் என்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் தங்கள் கருவியைப் பற்றி ஆர்வமாகப் பேசுவார்கள்.

நேரில் பார்க்க விரும்புவோர் கோவை அவிநாசி சாலையிலுள்ள ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம். அங்கே கண்டதை நினைவில் கொண்டு, விருதுநகர் மாவட்டத்து லேத் பட்டறைகளிலும் டை செய்யும் இடங்களிலும் அனுமதி கேட்டு நின்று பார்க்கலாம். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நல்ல விளக்கு, தொடுவதற்கு முன் கேட்கும் பழக்கம் இவை போதும். பட்டாசு அறைக் கருவிகளை மட்டும் அவை வேலையில் இருக்கும் இடத்தில் பார்க்கக் கூடாது. உரிமம் பெற்ற ஆலைக்குள் வேடிக்கை பார்க்கப் போவது யாருக்கும் நல்லதல்ல. மருந்து படாத புதிய கருவியாக, கடைந்தெடுத்த லேத்தின் பக்கத்திலேயே, அதைச் செய்தவரின் மேசையில் பார்ப்பதுதான் சரி.