குளிர்காலத்தில் அணி கட்டுபவர்கள்

2010 டிசம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அட்ரியன் கோன்சாலஸ் சான் டியேகோவிலிருந்து வந்து சேர்ந்தார். சில நாட்களில் கார்ல் கிராஃபோர்டு 7 ஆண்டுகளுக்கு 14.2 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அடுத்த கோப்பை நமக்குத்தான் என்று ரசிகர்கள் மட்டுமல்ல, ஆட்டத்தைத் தொழிலாக அலசுகிறவர்களும் நம்பினார்கள். 2011 செப்டம்பரில் அந்த அணி ஆடிய 27 ஆட்டங்களில் 20-ஐத் தோற்று, சீசனின் கடைசி இரவில் பிளே-ஆஃப் வாய்ப்பையே பறிகொடுத்தது.

மறு ஆண்டு 93 தோல்விகள், பிரிவில் கடைசி இடம். அந்தக் குளிர்காலத்தில் வந்தவர்கள் மைக் நபோலி, ஷேன் விக்டோரினோ, ஜானி கோம்ஸ், 37 வயது கோஜி உயேஹாரா. விக்டோரினோவுக்கு 3 ஆண்டுகளுக்கு 3.9 கோடியா என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் பலர். நபோலியின் இடுப்பெலும்பில் நோய் இருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்து, 3 ஆண்டு ஒப்பந்தம் ஒரே ஆண்டாகச் சுருங்கியது. இந்தக் கூட்டம்தான் 2013-ல் உலகத் தொடரை வென்றது. அரையிறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஹோம் ரன் அடித்தவர் அதே விக்டோரினோ. அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் உயேஹாரா.

இந்த இரண்டு குளிர்காலங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டி, ரசிகர்களின் பேச்சு வெறும் வாய்ப்பந்தல் என்று முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி நடுவரை, ஒரு பந்துகூட வீசப்படாத மாதங்களில், யாரை வாங்குவது, யாரைக் கைகழுவுவது என்று நடக்கும் வாதத்துக்கு அமெரிக்காவில் ‘ஹாட் ஸ்டவ்’ என்றே பெயர் உண்டு. அதில் கணிப்புகள் பொய்க்கும்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு கணிக்கிறவர்களுக்கும் பொய்க்கிறது. உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் இந்த வியாபாரம் நடக்கும் விதம். 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டங்கள். பெரிய லீகில் 6 ஆண்டு சேவை முடித்தவர், ஒப்பந்தம் தீர்ந்ததும் எந்த அணியோடும் பேரம் பேசலாம். அதுவரை பெரும்பாலும் அணி வைத்ததே சட்டம். வேண்டுமென்றால் அவரை இன்னோர் ஊருக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். ஐபிஎல் ஏலத்தில் தொகை ஏறுவதை நாம் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். எந்த அணியின் கையிருப்பு எவ்வளவு என்பதும் ஊருக்கே தெரியும். பேஸ்பாலில் பேரம் கதவுக்குப் பின்னால் நடக்கிறது. சம்பளச் செலவுக்கு இறுக்கமான உச்சவரம்பும் கிடையாது. ஒரு வரம்பைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவே. ஆகவே ‘எங்களால் இவ்வளவுதான் முடியும்’ என்று ஒரு நிர்வாகம் சொல்லும்போது அது கணக்கா, சாக்கா என்று வெளியிலிருப்பவருக்குத் தெரிவதில்லை. வாதத்தின் பாதி அந்த இருட்டில் கை துழாவுவதுதான்.

இதற்கெல்லாம் வழிவிட்டது ஆட்டக்காரர்களின் போராட்டம் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. 1970-களின் நடுப்பகுதிவரை ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் பழைய அணியின் உடைமைதான். 12 சீசன் ஆடிய செயின்ட் லூயிஸ் அணி 1969-ல் தன்னைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது கர்ட் ஃப்ளட் போக மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதோடு போயிற்று. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்களின் முறையீட்டில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகே அந்தப் பூட்டு உடைந்தது. அதற்கு முன்பும் குளிர்காலப் பேச்சு இல்லாமலில்லை. 1919 டிசம்பரில் பேப் ரூத்தை ரெட் சாக்ஸ் முதலாளி யாங்கீஸுக்கு 1 லட்சம் டாலருக்கு விற்றதைப் பாஸ்டன் மூன்று தலைமுறை பேசித் தீர்த்தது. ஆனால் அந்த நாட்களில் ரசிகர் பேசியது முதலாளியின் முடிவைப் பற்றி மட்டும். இன்று ஆட்டக்காரரின் முடிவும் பேச்சில் வருகிறது.

இந்தப் பேச்சின் பெரிய வரவு என்று நான் நினைப்பது பில் ஜேம்ஸ். கான்சாஸில் டப்பா உணவுத் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலாளியாக இருந்தவர். எந்த அணியோடும் தொடர்பில்லை. ரசிகர்கள் வாயடிக்கும் அதே கேள்விகளை, எண்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். 1977-ல் தன் ஆய்வைத் தானே அச்சிட்டு விற்கத் தொடங்கினார். பேட்டிங் சராசரியைவிட, ஆட்டமிழக்காமல் பேஸை எட்டும் விகிதம் ஓட்டங்களோடு நெருக்கமாக ஒட்டுகிறது என்பது போன்ற உண்மைகள் அவரைப் போன்ற ரசிகர்களிடமிருந்து அணி அலுவலகங்களுக்குப் போயின. அலுவலகங்களிலிருந்து ரசிகர்களுக்கு வரவில்லை. 2002-ல் ரெட் சாக்ஸ் அவரையே ஆலோசகராக வைத்துக்கொண்டது. வேடிக்கை பார்க்கிறவர்களின் சண்டை தொழிலின் அறிவையே திருத்தியது என்பதற்கு விளையாட்டு உலகில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த அறிவுக்கும் எல்லை உண்டு. 2002 டிசம்பரில் மினசோட்டா அணி டேவிட் ஓர்டிஸை விடுவித்தது. அடுத்த மாதம் ரெட் சாக்ஸ் அவரை 12.5 லட்சம் டாலருக்கு எடுத்தபோது அதற்காக யாரும் வெடி வெடிக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் பாஸ்டன் ரசிகர்களின் மனசெல்லாம் அலெக்ஸ் ரோட்ரிகெஸிடம் இருந்தது. மேனி ராமிரெஸை டெக்சஸுக்குக் கொடுத்து அவரை வாங்குவதாகப் பேச்சு முற்றியது. சம்பளத்தில் பெரும் தொகையை ரோட்ரிகெஸ் விட்டுத்தர வேண்டியிருந்ததால் ஆட்டக்காரர் சங்கம் தடுத்தது. 2004 பிப்ரவரியில் அவர் பாஸ்டனின் பரம வைரியான யாங்கீஸுக்கே போய்ச் சேர்ந்தார். பாஸ்டனில் வயிறெரியாத வீடு இருந்திருக்காது. அந்த அக்டோபரில் அரையிறுதித் தொடரில் யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கிய ரெட் சாக்ஸ் தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஓர்டிஸ். பிறகு 86 ஆண்டுகளில் முதல் உலகத் தொடர் கோப்பை. அதில் சிறந்த ஆட்டக்காரர், பாஸ்டன் தள்ளிவிடப் பார்த்த ராமிரெஸ். கையெழுத்தாகாமல் போன ஒரு பேரம் அந்த ஊரின் சரித்திரத்தை எழுதியது. அதைக் கணித்தவர் என்று ஒருவர்கூட உரிமை கொண்டாட முடியாது.

கிறிஸ் சேல் விஷயம் இன்னும் சிக்கலானது. 2020 முதல் 2023 வரை நான்கு சீசன்களில் இந்த பிட்சர் ரெட் சாக்ஸுக்காக ஆட்டத்தைத் தொடங்கி வைத்தது மொத்தம் 31 முறை. முழங்கை அறுவை, விலா எலும்பு முறிவு, விரல் முறிவு, சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிவு. 2023 டிசம்பர் கடைசியில் அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பி, கையோடு 1.7 கோடி டாலரும் கொடுத்து, வான் கிரிஸம் என்ற இளைஞரை வாங்கினார்கள். நிம்மதிப் பெருமூச்சு விட்ட ரசிகர்கள் ஏராளம். 2024-ல் சேல் 18 வெற்றிகளோடு நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். கிரிஸம் அந்த ஆண்டு பாஸ்டனுக்கு ஆடியது 31 ஆட்டங்கள். உடனே நிர்வாகம் மடத்தனம் செய்தது என்று ஒரு கூச்சல் எழுந்தது. கூச்சல் போட்டவர்களில் முந்தைய டிசம்பரில் பெருமூச்சு விட்டவர்களும் இருந்திருப்பார்கள். அன்று கையில் இருந்த தகவலை வைத்து எடுத்த முடிவு நியாயமானதே என்பேன். விளைவு கசப்பாக வந்ததால் முடிவு தப்பாகிவிடாது. இந்த வேறுபாட்டைக் காக்கும் பொறுமை குளிர்கால வாதத்துக்கு இல்லை. ஜனவரியிலேயே மதிப்பெண் போட்டுவிடுகிறது. அக்டோபரில் அந்த விடைத்தாளையே கிழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறது.

ஆனாலும் இதை மன்னிக்கலாம். எனக்கு உறுத்துவது மூக்கி பெட்ஸ் விவகாரத்தில் வெளிப்பட்ட ஒன்று.

2011-ல் ஐந்தாம் சுற்றில் தேர்வாகி, ரெட் சாக்ஸின் சிறிய லீக் அணிகளிலேயே வளர்ந்தவர் பெட்ஸ். 2018-ல் அமெரிக்கன் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். அந்த ஆண்டு அணி 108 ஆட்டங்களை வென்று கோப்பையும் எடுத்தது. 2020 பிறந்தபோது ஒப்பந்தத்தில் ஓராண்டு மிச்சமிருந்தது. அந்த ஆண்டின் வரி வரம்பு 20.8 கோடி டாலர். அதற்குக் கீழே இறங்க நிர்வாகம் விரும்பியது. பிப்ரவரியில் அவரும், பெரிய சம்பளக்காரரான டேவிட் பிரைஸும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார்கள். பதிலுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங்.

பெரும்பாலான பாஸ்டன்காரர்கள் கொதித்தார்கள். ஆனால் நன்றாகப் படித்த, எண்கள் தெரிந்த ஒரு பகுதி ரசிகர்கள் இதற்குச் சமாதானம் சொன்னார்கள். எப்படியும் ஓராண்டில் போய்விடுவார். சும்மா விடுவதைவிட மூன்று பேரை வாங்குவது மேல். முப்பதைத் தாண்டியும் நீளும் ஒப்பந்தம் கொடுத்தால் கடைசி ஆண்டுகள் வீண். டவுன்ஸ் நாளைய நட்சத்திரம். ஒவ்வொன்றும் பார்வைக்குக் கச்சிதம். பெட்ஸ் ஐந்தே மாதத்தில் டாட்ஜர்ஸோடு 12 ஆண்டு, 36.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டே கோப்பையும் வென்றார். டவுன்ஸ் ரெட் சாக்ஸுக்காக ஆடியது 14 ஆட்டங்கள். கணிப்பு பொய்த்ததை நான் குறையாகச் சொல்லவில்லை, டவுன்ஸ் நட்சத்திரமாகவே ஆகியிருந்தாலும் என் கேள்வி அப்படியே நிற்கும். அமெரிக்காவின் பணக்கார அணிகளில் ஒன்று, தன் வீட்டிலேயே வளர்ந்த ஆகச் சிறந்த ஆட்டக்காரரை ஏன் வைத்துக்கொள்ள முடியாது? இதைக் கேட்க வேண்டிய ரசிகர், முதலாளி ஜான் ஹென்றிக்கு எவ்வளவு வரி மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மிச்சமானதில் ரசிகருக்கு ஒரு காசு வரப்போவதில்லை. ஃபென்வே பார்க்கில் நுழைவுச் சீட்டு விலை ஒரு டாலர்கூடக் குறையப்போவதில்லை.

இந்தக் கணக்குப் புத்தி எங்கிருந்து வந்தது? பில் ஜேம்ஸ் கொடுத்த வரத்திலிருந்தேதான். ஆட்டக்காரர் எத்தனை வெற்றிகளுக்குச் சமம் என்று அளக்கக் கற்ற ரசிகர், அடுத்த படியாக ஒரு வெற்றிக்கு எத்தனை டாலர் என்று வகுக்கக் கற்றார். வகுத்தபின் மலிவானவர் நல்லவராகவும், நியாயமான சம்பளம் கேட்பவர் பாரமாகவும் தெரியத் தொடங்கினார்கள். பொது மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது சுவாரஸ்யமான விளையாட்டுதான். மேலாளருக்கு அந்த வரம்பு முதலாளி விதித்தது, மீற முடியாதது. ரசிகருக்கு யார் விதித்தார்கள்? பேரம் பேசும் உரிமைக்காக ஆட்டக்காரர்கள் இழந்ததை நினைத்தால், அந்த உரிமையைப் பயன்படுத்துகிற ஒருவரைப் ‘பேராசைக்காரர்’ என்று ஏசுவது வரலாறு தெரியாத பேச்சு. ஹென்றியை அப்படி ஏசுகிறவர்கள் குறைவாகவே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குறைவு என்றேன், பிறகு கூடினார்கள். 2022 டிசம்பரில் ஸாண்டர் போகார்ட்ஸும் 28 கோடி டாலருக்கு சான் டியேகோ போன பிறகு பாஸ்டனின் பேச்சுக்கு வேறு தொனி வந்தது. எண்களை விட்டுவிட்டு நேராக முதலாளியைப் பார்த்துக் கேட்டார்கள். 2023 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அணி நடத்திய ரசிகர் விழாவில், காசு கொடுத்து வந்த கூட்டமே ஹென்றிக்கும் பேஸ்பால் பிரிவின் தலைமை அதிகாரி ஹைம் புளூமுக்கும் எதிராக ஊளையிட்டது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் ரஃபேல் டெவர்ஸுக்கு 10 ஆண்டு, 31.35 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். ரசிகர்களின் கோபக்குரலுக்குப் பயந்து கொடுத்தார்கள் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் காலியிருக்கைகளுக்கு அடுத்தபடியாக முதலாளிகள் மதிக்கும் ஓசை அதுதான். அந்தச் செப்டம்பரில் புளூமின் வேலை போயிற்று. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பணப்பையின் சுருக்கை இழுத்தவர் வேறொருவர், அடி வாங்கியவர் இவர். கோபம் கைக்கு எட்டிய ஆளின் மேல் விழுவது இந்த விவாதத்தின் இன்னொரு பழக்கம்.

டெவர்ஸ் கதை எல்லாருடைய கணக்கையும் மறுபடி கலைத்தது. 2025 பிப்ரவரியில் அலெக்ஸ் பிரெக்மன் வந்ததும், மூன்றாம் பேஸிலிருந்து நகர டெவர்ஸுக்கு மனமில்லை. பிறகு முதல் பேஸில் ஆடச் சொன்னபோதும் மறுத்தார். ஜூன் 15 அன்று, யாங்கீஸுடனான தொடரின் மூன்று ஆட்டங்களையும் வென்று முடித்த அதே நாளில், அவரை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த சுமார் 25 கோடி டாலர் பொறுப்பும் அவரோடு போயிற்று. அணிக்காக இடம் மாற மறுத்தவர் போனதே நல்லது என்றது ஒரு தரப்பு. பெட்ஸ், போகார்ட்ஸ், இப்போது இவர், இது ஒரு வியாதி என்றது மறு தரப்பு. ரெட் சாக்ஸ் 89 ஆட்டங்களை வென்று பிளே-ஆஃப் போனபோது முதல் தரப்பு சான்று கிடைத்ததாகச் சொன்னது. வைல்டு கார்டு சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் யாங்கீஸிடம் ஒரு ஓட்டம்கூட எடுக்காமல் தோற்றபோது, அடிக்க ஆளில்லை பார்த்தீர்களா என்று மறு தரப்பு கேட்டது. இந்த இரண்டில் எது சரி என்று எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அந்த 25 கோடியை ஹென்றி யார் மேல் செலவழிக்கப் போகிறார் என்று அடுத்த குளிர்காலத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்து கேட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்திருக்கும்.