இரண்டு நாள் மதுரைக்கு ஒரே பை

சனி, ஞாயிறு இரண்டு நாளில் ஒரு நகரத்தைப் பார்த்துவிட்டு வர ஒரு தோள்பை போதும் என்கிற பழக்கம் நம்மவர்களிடம் நன்றாகவே வேரூன்றிவிட்டது. அலுவலகப் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்கும். ஆனால் இதைப் பரிந்துரைப்பவர்கள் சொல்லும் காரணங்களில் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் கேட்கவே கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது: பையிலிருந்து இறங்கிய எடை எங்கே போகிறது?

முதலில் நல்லதைப் பார்க்கலாம். அதற்கு மதுரை பொருத்தமான ஊர். வெள்ளி இரவு சென்னையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் சனி விடியற்காலை மதுரையில் இறக்கிவிடும். அந்த நேரத்தில் அறை கிடைப்பதுதான் சிக்கல். சில விடுதிகளில் நண்பகல் 12 மணிக்குத்தான் சாவி தருவார்கள். சில லாட்ஜுகளில் 24 மணிநேரக் கணக்கு. சனி காலை 6 மணிக்கு நுழைந்தால் ஞாயிறு காலை 6 மணிக்குக் காலி செய்ய வேண்டும்; திரும்பும் ரயிலோ ஞாயிறு இரவுதான். பெரிய பெட்டியோடு வந்தவர் வேறு வழியில்லாமல் இரண்டு நாள் வாடகை கொடுக்கிறார். ஒரே பையோடு வந்தவர் அதை ரயில் நிலையத்தின் க்ளோக் ரூமில் போட்டுவிட்டு, மேல வெளி வீதியைக் கடந்து டவுன் ஹால் ரோட்டில் கிழக்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் மீனாட்சியம்மன் கோயிலின் மேலக் கோபுரம். (பூட்டில்லாத பையை க்ளோக் ரூமில் வாங்க மாட்டார்கள், சின்னப் பூட்டு ஒன்று அவசியம்.) கோயிலுக்குள் எப்படியும் பையைக் கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு கைபேசிக்கும் அனுமதி இல்லை. மதியம் நடை சாத்துவதற்குள் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் காலை வேளை முக்கியம். அந்தக் காலை வேளையை அறை தேடித் தொலைக்காமல் இருப்பதுதான் சின்னப் பையால் கிடைக்கும் பெரிய லாபம்.

ஊரின் அமைப்பும் இதற்கே தோதானது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வீதிகள். நடக்கிறவருக்கு வழி தவறினாலும் நஷ்டமில்லை. எந்தத் திருப்பத்திலும் ஒரு கோபுரம் கண்ணில் படும். பஸ்ஸில் வருகிறவர் மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பெட்டியைத் தூக்கி ஏற்றுவது பெரும்பாடு. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்றாலும், கையில் கனமான பெட்டி இருந்தால் ஆட்டோவுக்குத்தான் கொடுத்தாக வேண்டும்.

சக்கரப் பெட்டி இருக்கிறதே, எடையைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் சக்கரம் வைத்த சூட்கேஸுக்குக் காப்புரிமை பெற்றது 1972-இல். விமான நிலையத்தில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவதிப்பட்டபோது தோன்றிய யோசனை அது. வழவழப்பான தரையில் அந்தச் சக்கரம் அற்புதமாக ஓடும். மாசி வீதியின் கடைக் கூட்டத்திலும், ரயில் நிலைய நடைமேம்பாலப் படிகளிலும் கையால்தான் தூக்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் உருட்டிப் பார்த்து லேசாக இருக்கிறது என்று முடிவு செய்கிறவர் படிக்கட்டில் மாட்டிக்கொள்கிறார்.

இனி எனக்கு ஒப்பாத காரணங்கள். குறைவாகக் கொண்டுபோவது எளிமை, பற்றின்மை என்றெல்லாம் பேசுகிறார்கள். பையை எங்கே எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் இது அவ்வளவு உயர்ந்த விஷயமில்லை என்று தெரியும். நம் ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவர் 40 கிலோவும், இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோவும் இலவசமாகக் கொண்டுபோகலாம். உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்பில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ. ஐரோப்பாவில் ரயன்ஏர் நிறுவனம் இலவசமாக அனுமதிப்பது 40, 30, 20 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பை, அதாவது 24 லிட்டர். அதற்கு மேல் என்றால் காசு. கைப்பைக்குக் கட்டணம் வாங்கியது உள்ளிட்ட நடைமுறைகளுக்காக ஸ்பெயின் அரசு 2024-இல் ஐந்து விமான நிறுவனங்களுக்கு 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஒரே பைக் கலை அங்கே செழித்ததில் கட்டணத்துக்குப் பெரும் பங்குண்டு. நிர்ப்பந்தத்தில் பிறந்த பழக்கத்தைத் துறவறம்போல் கொண்டாட வேண்டியதில்லை. அதிகம் கொண்டுபோகிறவரை ஏளனமாகப் பார்க்கவும் வேண்டியதில்லை.

துணி விஷயத்திலும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாத அறிவுரை ஒன்று உண்டு: சீக்கிரம் காயும் பாலியஸ்டர் சட்டை ஒன்று போதும், இரவில் அலசிக் காலையில் போட்டுக்கொள்ளலாம். காற்றிலிருந்து பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8.5 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். சீக்கிரம் காய்வது உண்மை. ஆனால் மதுரைச் சித்திரை வெயிலில் அதே துணி வியர்வையை உறிஞ்சாது, உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்துக்கொண்டு மதியத்துக்குள் நாற்றமடிக்கும். மெல்லிய பருத்திச் சட்டை கூடுதலாக ஒன்று எடுத்துப்போவதே மேல். துண்டு வேண்டுமென்றால் காடாத் துண்டைவிட லேசான, சீக்கிரம் காய்கிற பொருளை எந்தப் பயணக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். இறங்கிய எடையில் ஒரு பகுதி குப்பைக்குப் போகிறது. ஷாம்பு, எண்ணெய், சோப்புத்தூள் எல்லாம் போகிற இடத்தில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் பலரும் லேசாகக் கிளம்புகிறார்கள். அந்தப் பாக்கெட்டைப் பரவலாக்கியதே நம் ஊர்க்காரர்கள்தான். கடலூர் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைக்க, அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் ஆரம்பித்த தொழில் சிக் ஷாம்புவைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுசேர்த்தது. பாட்டில் வாங்க முடியாதவருக்கு அது பெரிய வரம். அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வீட்டில் பெரிய பாட்டில் இருக்கிறவரும் எடைக்குப் பயந்து பாக்கெட் வாங்கி விடுதியில் கிழித்துப் போடும்போது, பல அடுக்குப் பிளாஸ்டிக் படலமான அந்த உறை மறுசுழற்சிக்கு உதவாமல் ஊரின் சாக்கடையில் கிடக்கிறது. ஊர் பார்க்க வந்தவர் அந்த ஊரிலேயே விட்டுச்செல்வது இதைத்தான். வீட்டு ஷாம்புவைக் கொஞ்சம் சின்ன டப்பாவில் ஊற்றிக்கொண்டால் ஐம்பது கிராம்கூட ஏறாது.

இன்னொரு பகுதி மனிதர்கள் தலையில் விழுகிறது. உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் இதில் மோசம். பெருமையாக ஒரே பையோடு வந்து இறங்கி, "அத்தை, ஒரு துண்டு குடுங்களேன், பல் விளக்க பேஸ்ட் இருக்கா, சார்ஜர் இருக்கா" என்று ஆரம்பிப்பார்கள். அத்தை முகம் சுளிக்க மாட்டார். அவர்கள் ஊருக்குப் போன பிறகு அந்தத் துண்டையும் போர்வையையும் துவைப்பது அவர்தான்.

குடும்பமாகப் போகும்போதுதான் இந்தப் பழக்கத்தின் பெருங்குறை வெளிப்படுகிறது. கணவரின் முதுகில் லேசான பை. மனைவியின் கையில் குழந்தையின் மாற்றுடை, பால்பவுடர், பிளாஸ்க், பிஸ்கட், தண்ணீர் பாட்டில், எல்லாருக்குமான மாத்திரை, கணவரின் மூக்குக்கண்ணாடிக் கூடுகூட. அவருடைய சொந்தப் பொருளென்று பார்த்தால் இரண்டு சுடிதாரும் நாப்கினும்தான். "நீ ஏன் இவ்வளவு தூக்கிட்டு வர்றே?" என்று கேட்பவரும் அந்தக் கணவர்தான். ஒரே பை நிபுணர்கள் தரும் பட்டியல்களில் குழந்தையும் இல்லை, முதியவரும் இல்லை, மாதவிடாயும் இல்லை. தனியாகப் போகும் ஆரோக்கியமான ஆண் ஒருவருக்கு எழுதியதை எல்லாருக்குமான அளவுகோலாக வைத்தால், மற்றவர்கள் எல்லாம் பை கட்டத் தெரியாதவர்களாகத் தெரிவார்கள்.

அதனால் எதைக் குறைப்பது என்பதில் நான் கறாராக இருப்பேன். மூன்றாவது ஜோடிச் செருப்பு வேண்டாம். படிக்காத புத்தகம் வேண்டாம். ‘எங்காவது தேவைப்படும்’ என்கிற பட்டுச் சேலையும் வேண்டாம். சுங்குடி வாங்கி வர அந்த இடம் உதவும். மாத்திரையில் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து சாப்பிடுகிறவர் இரண்டு நாளுக்கு எண்ணி எடுக்காமல் நான்கு நாளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்துச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். ஞாயிறு இரவு ரயிலைத் தவறவிட்டு, திங்கட்கிழமை இருக்கை கிடைக்காமல் போனால் பழகிய மருந்து கைவசம் இருக்கும். குழந்தையின் பையைக் கிளம்பும் முன்பே, யாருடைய பை லேசாக இருக்கிறதோ அவரிடம் கொடுத்துவிடலாம்.